அப்பாவுக்கு மறதி ஆரம்பம்: இப்போதே பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி வைத்தால் பின்னால் கைகொடுக்குமா?

மலைக்கோட்டை_வாசி | மார்ச் 9, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல்முறை.

அப்பாவுக்கு 76 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக மறதி. காலை மாத்திரையைப் போட்டுவிட்டு அரை மணி நேரத்தில் மறுபடி டப்பாவைத் திறப்பார். போன மாதம் அவர் கொடுத்த காசோலை ஒன்று கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. அன்று ராத்திரி அம்மா எட்டிப் பார்த்தால், நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் முழுக்கத் தன் கையெழுத்தையே போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் எண்ணினேன், 17 தாள்.

நரம்பு மருத்துவர் ஆரம்பநிலை டிமென்ஷியா என்கிறார். 'இப்போதைக்கு நல்ல விவரமாகத்தான் இருக்கிறார். சொத்து, பணம் சம்பந்தப்பட்டதையெல்லாம் இந்த வருடத்துக்குள் ஒழுங்கு பண்ணிக்கொள்ளுங்கள்' என்றார்.

கே.கே. நகர் வீடு, மாத்தூர் பக்கம் 4 சென்ட் மனை, பென்ஷன் கணக்கு, மூன்று வைப்புத்தொகை. எல்லாம் அப்பா பெயரில் மட்டும். நான் பெங்களூரில், தங்கை கோவையில், தம்பி சிங்கப்பூரில். வைத்தியச் செலவு கூடினால் மனையை விற்க வேண்டிவரும்.

பத்திர எழுத்தரிடம் கேட்டேன். 'உங்க பேருக்கு ஒரு ஜெனரல் பவர் போட்டு ரிஜிஸ்தர் பண்ணிடுங்க சார். அப்பாவுக்கு நாளைக்கு என்ன ஆனாலும் நீங்களே கையெழுத்துப் போட்டுக்கலாம்' என்றார். அவ்வளவுதானா?

எலந்தப்பழம் | மார்ச் 9, இரவு 10.40

அவ்வளவுதான். என் மாமனார் 2017ல் எழுதிக் கொடுத்தார். 2019ல் அதை வைத்துத்தான் நிலத்தை விற்றோம். ஒரு வில்லங்கமும் இல்லை. தள்ளிப்போடாமல் சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

கைநாட்டு | மார்ச் 10, காலை 6.05

பதிவுத்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். எழுத்தர் சொன்னதில் முதல் பாதி சரி. 'என்ன ஆனாலும்' என்றாரே, அது தப்பு. பாதிக் குடும்பங்கள் ஏமாறுவது அந்த ஒரு வார்த்தையில்தான்.

பவர் என்பது என்ன? 'என் சார்பில் நீ செய்' என்பது. சொல்கிறவருக்குச் சொந்தப் புத்தி இருக்கும்வரைதான் அது நிற்கும். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தில் 201ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பவர் கொடுத்தவர் இறந்தால் பவர் செத்துப்போகும், சித்த சுவாதீனம் இழந்தாலும் செத்துப்போகும். யாரும் ரத்து பண்ணத் தேவையில்லை, தானாகவே போய்விடும். நினைவு தப்பினாலும் செல்லும் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வெளிநாடுகள் சிலவற்றில் அதற்கென்றே சட்டம் இருக்கிறது, இந்தியாவில் இல்லை. நீங்கள் நாலு வரி சேர்த்து எழுதுவதால் 201 மாறிவிடாது.

202ஆம் பிரிவு ஒரு விதிவிலக்கு. ஏஜென்டுக்கே, அதாவது பவர் வாங்கியவருக்கே, அந்தச் சொத்தில் சொந்தப் பாத்தியதை இருந்தால் பவர் முறியாது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் எழுதிக்கொள்வது அது. பெற்ற அப்பாவிடம் மகன் வாங்கும் பவருக்குப் பொருந்தாது.

எலந்தப்பழம் சொல்வதிலும் தப்பில்லை. அவர் மாமனார் 2019ல் தெளிவாக இருந்திருப்பார்.

மலைக்கோட்டை_வாசி | மார்ச் 10, காலை 8.31

சார், அப்படியென்றால் மழை வந்ததும் தானாக மடங்கிக்கொள்கிற குடைக்கு நான் முத்திரைத்தாள் செலவு செய்யப் போகிறேனா? தம்பி வேறு சிங்கப்பூரில் எல்பிஏ என்று ஏதோ இருப்பதாகச் சொல்கிறான்.

எலந்தப்பழம் | மார்ச் 10, காலை 9.15

நடைமுறையைப் பேசுவோம். ரிஜிஸ்தர் ஆபீஸில் போய் 'எங்கப்பாவுக்கு மறதி' என்று யார் சொல்லப் போகிறார்கள்? பவர் கையில், விற்பவர் நீங்கள். முடிந்தது கதை.

மல்லிகைப்பந்தல் | மார்ச் 10, மதியம் 2.20

நான் இதை அனுபவித்தவள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு 52 வயதில் மூளையில் ரத்தக் கசிவு. அறுவை முடிந்தும் நினைவு திரும்பவில்லை. மூக்கில் குழாய், தொண்டையில் துளை. கண் திறந்திருக்கும், ஆனால் யாரையும் பார்க்காது. முதல் மாதமே சேமிப்பு காலி. அவர் பெயரில் மட்டும் இருந்த வைப்புத்தொகையை எடுக்க வங்கிக்குப் போனேன். நாமினி நான்தானே என்றேன். 'நாமினி என்றால் இறந்த பிறகுதான் அம்மா' என்றார் மேலாளர். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். அந்தச் சரியைக் கேட்டுக்கொண்டு தாலிக்கொடி தவிர மற்றதையெல்லாம் அடகு வைத்தேன்.

கையில் ஒரு பவர் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மனையை விற்பதற்காக என் பெயருக்குப் பதிவு செய்து கொடுத்திருந்தார். இது இருக்க என்ன கவலை என்று வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு ஆவண எழுத்தரிடம் போனேன். அவர் கேட்ட முதல் காகிதம், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு மருத்துவர் சான்று. தமிழ்நாட்டில் ஏஜென்ட் வந்து விற்றால் அது இல்லாமல் நடக்காது. மருத்துவமனையில் கேட்டேன். எழுதிக் கொடுத்தார்கள்: 'உயிருடன் இருக்கிறார், சுயநினைவு இல்லை.' ஒரே வரி. முதல் பாதி எனக்கு வேண்டியது, இரண்டாம் பாதியில் என் பவர் போய்விட்டது. சுயநினைவு என்கிற வார்த்தை இல்லாமல் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த இளம் டாக்டர் மறுத்துவிட்டார். அன்றைக்கு அவரைச் சபித்தேன்.

அப்புறம் உயர் நீதிமன்றம். ரிட் மனு போட்டு, அரசு மருத்துவர் குழு வந்து பார்த்து, என்னைப் பாதுகாவலராக நியமிக்க ஏழு மாதம் ஆனது. விற்ற பணத்தில் ஒரு பங்கை அவர் பெயரில் போட வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்று நிபந்தனைகள். குறை சொல்லவில்லை, நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் அந்த ஏழு மாதம் ஐசியு பில் காத்திருக்கவில்லை.

எலந்தப்பழம், யார் சொல்லப் போகிறார்கள் என்று கேட்டீர்கள். அந்தச் சான்று சொல்லும்.

கறுப்பு_அங்கி | மார்ச் 10, இரவு 7.48

சிவில் பக்கம் வழக்காடுகிறேன். மல்லிகைப்பந்தல் அக்கா சொன்ன வழிக்கு இப்போது முன்னுதாரணங்கள் இருக்கின்றன. கோமா நோயாளிகளுக்குப் பாதுகாவலர் நியமிப்பது பற்றி 2019ல் கேரள உயர் நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கு ஒன்றில், கோமாவில் இருந்தவரின் மனைவியைத் தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியைப் பாதுகாவலராக்கி, சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்பது நிபந்தனை.

ஏன் கோர்ட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது? 1987ஆம் வருட மனநலச் சட்டத்தில் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்க ஒரு வழி இருந்தது. 2017ல் புதுச் சட்டம் வந்தபோது சிகிச்சை உரிமைகள் நிறைய வந்தன, இந்த வாசல் மட்டும் அடைபட்டுவிட்டது. 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவே பாதுகாவலரை நியமிக்கலாம். ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் இந்த நான்குக்குத்தான். முதுமை மறதிக்காரர் அதில் வரமாட்டார்.

எலந்தப்பழத்துக்கு: இன்றைக்கு யாரும் கேட்காமல் இருக்கலாம். பத்து வருடம் கழித்துக் குடும்பத்தில் ஒருவர், 'அன்றைக்கு அப்பாவுக்கு நினைவே இல்லை, விற்றது செல்லாது' என்று வழக்குப் போட்டால்? நரம்பு மருத்துவர் சீட்டு தேதியோடு இருக்கும். வாங்கியவர் நடுத்தெருவில் நிற்பார், விற்றவர் கூண்டில் நிற்பார்.

மலைக்கோட்டை_வாசி அண்ணா, உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. நோயின் பெயர் வந்துவிட்டதாலேயே அப்பா தகுதி இழந்துவிடவில்லை. கையெழுத்துப் போடும் நேரத்தில் விஷயம் புரிந்து முடிவெடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. விட்டுவிட்டு மறதி வருபவர்கூட தெளிவாக இருக்கும்போது செய்த ஒப்பந்தம் செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கு அத்தாட்சி வேண்டும், அவ்வளவுதான். பத்திரம் எழுதுகிற வாரத்திலேயே மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி வையுங்கள்.

நொய்யல்_கரை | மார்ச் 10, இரவு 9.02

எல்லோரும் பவர் செல்லுமா செல்லாதா என்றே பேசுகிறீர்கள். செல்லும்போது அது என்ன செய்யும் என்று நான் சொல்கிறேன்.

அம்மா கண் அறுவைக்குப் போகும் அவசரத்தில் அண்ணனுக்கு ஜெனரல் பவர் கொடுத்தார். வரி கட்ட, வாடகை வாங்க என்றுதான் பேச்சு. பத்திரத்தில் இருந்ததோ 'விற்கவும், அடமானம் வைக்கவும், தானம் செய்யவும்' என்று வழக்கமான அச்சு வாசகம். ஒரு வருடத்தில் வீடு அடமானத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்தது வங்கி நோட்டீஸ் வந்தபோது. அம்மா கடைசிவரை 'அவன் திருப்பிக் கட்டிடுவான்டி' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் தங்கைக்கு இது தெரியுமா? கோவையில் இருக்கிறார் என்பது தெரிகிறது. அவரிடம் கேட்டீர்களா?

மலைக்கோட்டை_வாசி | மார்ச் 10, இரவு 11.30

இன்னும் இல்லை. முதலில் வழி தெரிந்துகொண்டு பேசலாம் என்று இருந்தேன். நீங்கள் கேட்ட பிறகு உறுத்துகிறது அக்கா.

தேக்கா_டீ | மார்ச் 11, காலை 7.20

சிங்கப்பூரிலிருந்து. உங்கள் தம்பி சொல்லும் எல்பிஏ, அதாவது நிலைத்த அதிகாரப் பத்திரம், நீங்கள் நினைக்கும் பவருக்கு நேர் தலைகீழ். அங்கே புத்தி போனால் பவர் போகும். இங்கே புத்தி போனால்தான் இது உயிர் பெறும். அதுவரை பொதுப் பாதுகாவலர் அலுவலகத்தில் பதிவாகித் தூங்கிக்கொண்டிருக்கும். 2008ல் வந்த மனத்திறன் சட்டத்தின்கீழ் வருவது. 21 வயது ஆன யாரும் செய்யலாம். சிங்பாஸ் என்கிற அரசு இணைய அடையாளக் கணக்கை வைத்து இணையத்திலேயே நிரப்பிவிட்டு, ஒரு வழக்கறிஞர் அல்லது அனுமதி பெற்ற மருத்துவர் முன் போய் உட்கார வேண்டும். எனக்கு அவர் என் மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, 'யாராவது கட்டாயப்படுத்தினார்களா?' என்று தனியாகக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குக் கொடுத்த காசு தகும்.

நம்முடைய தனிப்பட்ட நலன், பராமரிப்பு ஒரு தலைப்பு, பணம் சொத்து இன்னொரு தலைப்பு. இரண்டுக்கும் வேறு வேறு ஆளைப் போடலாம். இதைச் செய்யாமல் நினைவு தப்பினால் குடும்ப நீதிமன்றத்தில் போய் நிற்க வேண்டும், உங்கள் ஊர் போலவே.

ஆனால் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு திருச்சி மனையை விற்க முடியாது. தம்பியை அவருக்கே ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாவுக்கு அது உதவாது.

கவுண்டர்_3 | மார்ச் 11, மாலை 5.55

வங்கியில் 33 வருடம். மனையை விடுங்கள், மாதாமாதம் அரிசி வாங்குவது பென்ஷனில்தானே. அதை முதலில் பார்ப்போம்.

மத்திய அரசு பென்ஷன்காரர் மனைவியோடு கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அப்பாவும் அம்மாவும் கிளைக்குப் போய் 'இருவரில் யாராவது ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்று மாற்றச் சொல்லுங்கள். 'முதலாமவர் அல்லது எஞ்சியவர்' என்று போட்டுவிடப் போகிறார்கள், அதில் அப்பா இருக்கும்வரை அம்மா தொட முடியாது. படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்தான் வித்தியாசம். அதைத் தப்பாக டிக் செய்து அழுதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைப்புத்தொகையையும் அப்படியே மாற்றுங்கள். ஆனால் முதிர்வுக்கு முன்னால் உடைக்க வேண்டுமென்றால் பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அதனால் ஒரே பெரிய வைப்பாக வைக்காமல் ஆறு மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி பிரித்து வையுங்கள். நாமினி விஷயம் மல்லிகைப்பந்தல் சொன்னதுதான். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை நாமினி போடலாம், நால்வருக்குமே முறை வருவது இறப்புக்குப் பிறகுதான்.

கையெழுத்து மாறுகிறது என்றீர்கள். இப்போதே மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்துவிடுங்கள். பின்னால் கை நடுங்கினாலும் வழி இருக்கிறது: பெருவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் விரல் ரேகை, இரண்டு சாட்சி, அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கி சொன்ன முறை. நானே ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மைப்பெட்டியோடு போயிருக்கிறேன், பெரியவரின் கால் விரலைத் துடைத்து வித்ட்ராயல் சிலிப்பை அடியில் பிடித்தோம். ஆனால் அது உடம்பு முடியாதவருக்கு உள்ள வழி. நினைவே இல்லாதவரின் விரலைப் பிடித்து வைப்பதற்குப் பெயர் வேறு.

நவம்பர் மாத வாழ்நாள் சான்றுக்கு ஜீவன் பிரமாண் இருக்கிறது. முகத்தைக் காட்டி வீட்டிலிருந்தே போனில் முடித்துவிடலாம்.

எலந்தப்பழம் | மார்ச் 11, இரவு 8.10

சரி, ஒத்துக்கொள்கிறேன். அவசரப்பட்டு எழுதிவிட்டேன். அப்படியானால் பவரே வேண்டாம், பேசாமல் வீட்டையும் மனையையும் பிள்ளைகள் பெயருக்கு இப்போதே செட்டில்மென்ட் எழுதி மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன?

கைநாட்டு | மார்ச் 12, காலை 6.10

எழுதலாம். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. 2023 ஜூலையிலிருந்து இந்தக் கணக்கு. கட்டணம் பெரிய விஷயமில்லை. எழுதிக் கொடுத்த மறுநாள் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாகிப்போன பெரியவர்களை எங்கள் அலுவலக வாசலில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ரத்து பண்ண வழி கேட்டு வருவார்கள். எழுதுவதானால் அப்பா அம்மா இருவருக்கும் வாழ்நாள் உரிமை, கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை, இரண்டும் பத்திரத்தில் இருக்க வேண்டும். பராமரிக்காமல் விட்டால் 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் கொண்டு ரத்து கேட்கலாம். அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தால் வாதம் சுலபம்.

என்னைக் கேட்டால், வீட்டுக்கு உயில். முத்திரைத்தாளும் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இருந்தாலும் மறதி என்று சீட்டு இருக்கிற வீட்டில் பதிவு செய்வதுதான் நல்லது. மனையை எப்படியும் விற்கத்தான் போகிறீர்கள் என்றால் பவர் எதற்கு? அப்பாவே இப்போது வந்து கையெழுத்துப் போட்டு விற்கட்டுமே. அதைவிடச் சுத்தமான பத்திரம் கிடையாது.

பவர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது நடக்க முடியவில்லை, ஆபீஸ் ஆபீஸாக அலைய முடியவில்லை என்பதற்குத்தான் அது. அதற்கு ஸ்பெஷல் பவர் போதும்: சொத்து வரி, மின் இணைப்பு, பட்டா மாறுதல், வாடகை, இன்ன காரியம் என்று எழுதுங்கள். விற்கும் அதிகாரம் வேண்டாம். அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட பவர் தமிழ்நாட்டில் 2012 கடைசியிலிருந்து கட்டாயம் பதிவாக வேண்டும். நோட்டரி கையெழுத்தோடு யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். குடும்பத்தைச் சேராத ஆளுக்கு ஜெனரல் பவர் கொடுத்தால் பதிவுக் கட்டணம் சொத்து மதிப்பில் 1 சதவீதம். புரோக்கர் பெயரில் பவர் போடச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லமாட்டார்கள்.

வயதானவரைப் படியேற்ற முடியாவிட்டால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரச்சொல்லி மனுக் கொடுக்கலாம், தனிக் கட்டணம். ஒன்று மட்டும். எதிரில் இருப்பவர் சுயபுத்தியில் இல்லை என்று தெரிந்தால் பதிவை மறுக்கப் பதிவுச் சட்டத்தில் 35ஆம் பிரிவு இருக்கிறது. நான் மறுத்திருக்கிறேன். ஒரு பாட்டியிடம் 'என்ன எழுதிக் கொடுக்கிறீங்க?' என்று கேட்டேன். 'கல்யாணப் பத்திரிகை' என்றார். கூட வந்த நாலு பேருக்கும் என் மேல் கோபம்.

பூவரசு | மார்ச் 12, காலை 10.44

நாலு நாளாகப் படிக்கிறேன். பவர், உயில், செட்டில்மென்ட் எல்லாம் வந்துவிட்டது. அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா?

மலைக்கோட்டை_வாசி | மார்ச் 12, இரவு 11.58

காலையிலிருந்து இந்த ஒரு வரியைப் பத்து தடவை படித்துவிட்டேன். இல்லை. அவருக்கு நோயின் பெயரைக்கூட நாங்கள் சொல்லவில்லை. 'வயசானா வர்றதுதான்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். பவர் எழுதும் அன்று என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பென்ஷன் வேலை என்று சொல்வதாக இருந்தேன்.

இந்த வெள்ளி திருச்சி போகிறேன். தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளைக்கோட்டு | மார்ச் 13, காலை 5.30

இரவுப்பணி முடிந்து எழுதுகிறேன், தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர். பேசப் போகிறீர்கள் என்றால் இதையும் கேட்டுவிடுங்கள்: தேறும் வாய்ப்பே இல்லை என்ற நிலை வந்தால் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா? சொத்துப் பவர் வைத்திருப்பவருக்கு இதில் எந்த அதிகாரமும் இல்லை. இதற்குத் தனியாக முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் என்று ஒன்று இருக்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் முன் கையெழுத்து என்று இருந்ததால் யாரும் பக்கத்தில் போகவில்லை. 2023 ஜனவரியில் சுலபமாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சி, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி, அவ்வளவுதான். நமக்குப் பதிலாக முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதலாம். அதன் பிறகும் மருத்துவமனையில் இரண்டு மருத்துவர் குழுக்கள் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் நடக்கும், பிள்ளைகள் இஷ்டத்துக்கு பிளக்கைப் பிடுங்க முடியாது. பயப்பட வேண்டாம்.

ராத்திரி மூன்று மணிக்கு வராந்தாவில் அண்ணன் தம்பி சண்டை போடுவதைப் பார்த்துப் பார்த்து, எனக்கு 34 வயதிலேயே எழுதி வைத்துவிட்டேன்.

மலைக்கோட்டை_வாசி | மே 18, இரவு 9.25

இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று சாப்பாடு முடிந்து அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். நோயின் பெயர், டாக்டர் சொன்னது, எல்லாம். அவர் கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அப்ப எனக்குத் தெரிஞ்சது சரிதான்' என்றார். அவ்வளவுதான். எங்களைவிட முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த 17 தாளைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் எழுத்தர் கொடுத்திருந்த ஜெனரல் பவர் நகலைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, பணிமனையில் வரைபடம் பார்ப்பது போல விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'தானம் செய்யவும்' என்ற இடத்தில் பென்சிலால் அடித்தார். 'அடமானம்' அடித்தார். 'விற்கவும்' என்பதில் நிறுத்தி, 'மனைய நானே வித்துடறேன்டா. வீட்ட உங்கம்மா இருக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாது' என்றார். அம்மா அடுக்களையிலிருந்து, 'அத எழுதி வைங்க' என்றார். தங்கை சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

கைநாட்டு சார் சொன்னபடி பக்கத்து மனைக்காரருக்கே கிரயம் பேசி முடித்தோம். பத்து நாள் முன் பதிவு. அந்த வாரத்தில் எடுத்த மருத்துவர் சான்று பையில் இருந்தது. டோக்கன் 11.20க்கு, கூப்பிட்டது 1 மணிக்கு. சார்பதிவாளர் அம்மா நிமிர்ந்து, 'எதுக்கு ஐயா விக்கிறீங்க?' என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அப்பா சொன்னார்: 'எனக்கு மறதி வருதும்மா. முழுசா வர்றதுக்குள்ள வித்துடலாம்னு.' சார்பதிவாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்குப் படபடப்பு. அப்புறம் மனை எங்கே, எவ்வளவு, யாருக்கு, பணம் எப்படி வந்தது என்று நாலைந்து கேள்வி கேட்டார். அப்பா கிழக்கே யார், மேற்கே யார் என்று நான்கு எல்லையும் சொன்னார். எனக்கே தெற்கு எல்லை தெரியாது. சான்றைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்தார்கள்.

பணம் இப்போது அப்பா அம்மா கூட்டுப் பெயரில், ஆறு மாதத்துக்கு ஒன்று முதிர்வதாக நான்கு துண்டு. வீட்டுக்கு உயில், பதிவு செய்தாயிற்று. பவர் எனக்கும் தங்கைக்கும் சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். வரி, மின்சாரம், பட்டா, வாடகை மட்டும். மருத்துவ அறிவுறுத்தலுக்கு மட்டும் 'யோசிச்சு சொல்றேன்' என்கிறார். நான் வற்புறுத்தவில்லை.

நொய்யல்_கரை | மே 18, இரவு 9.50

இருவரும் சேர்ந்து என்று போட்டது யார் யோசனை?

மலைக்கோட்டை_வாசி | மே 18, இரவு 10.02

அப்பாதான். 'தனியா ஒருத்தன் கையில ஸ்பேனர் இருந்தா போல்ட்ட அறுத்துடுவான்' என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கவுண்டர்_3 | மே 19, காலை 9.40

மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்தீர்களா?

மலைக்கோட்டை_வாசி | மே 19, காலை 10.15

அதுதான் பாக்கி சார். புதன்கிழமை போகிறோம். அப்பா ராத்திரி மறுபடி நாள்காட்டித் தாள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.